சாயம் பூசிய தூக்கம்

படத்தை மேசைமேல் வைத்த பிறகும் அந்த அம்மாள் அதன் ஓரத்திலிருந்து விரலை எடுக்கவில்லை.

"இவதான் என் பொண்ணு. ஃபுசா."

துப்பறிவாளர் இசாகி குனிந்து பார்த்தார். பாய்மேல் ஓர் இளம்பெண் கண்மூடிப் படுத்திருந்தாள். கன்னத்தில் இளஞ்சிவப்பு. உடுப்பு முழுக்க ரத்தச் சிவப்பு, அதில் மஞ்சள் செவ்வந்திப் பூக்கள். பின்னால் கொக்கு வரைந்த ஒரு மடக்குத் திரை. புகைப்படத்தின்மேல் தூரிகையால் சாயம் ஏற்றி, கப்பலில் வரும் வெள்ளைக்காரர்களுக்கு யோகோஹாமாவில் கட்டுக்கட்டாக விற்கிறார்களே, அந்த ரகம். கீழே ஒரு மூலையில் ஆங்கிலத்தில் 'பகல் தூக்கம்' என்று எழுதியிருந்தது.

"இது உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

"நான் ஹச்சியோஜில ஒரு சத்திரத்துல சமையல் வேலை பாக்கறேன். அங்க ஒரு துரைசானி வந்து தங்கினா. வாங்கின சாமானையெல்லாம் பரப்பி வச்சுக்கிட்டு எங்களைக் கூப்பிட்டுக் காட்டினா. அரக்கு அட்டை போட்ட பெரிய ஆல்பம். ஃபுஜி மலை, கோயில், குடை பிடிச்ச பொண்ணுங்க... அடுத்த பக்கத்தைத் திருப்பினா என் பொண்ணு தூங்கிக்கிட்டிருக்கா." நாவோ என்ற அந்த அம்மாளின் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. "நான் உக்காந்துட்டதைப் பாத்து துரைசானியே கத்தரிக்கோல் எடுத்து வெட்டிக் கொடுத்துட்டா."

அவளுக்குப் பின்னால் மண்டியிட்டிருந்த மகன் யாசுகே தொண்டையைச் செருமினான். யோகோஹாமாவில் ஒரு பட்டுக் கம்பெனியில் தரம் பார்க்கிறவன். நல்ல துணி, நல்ல செருப்பு, சவரம் செய்த மோவாய்.

"ஐயா, இது ஒண்ணும் பெரிய விஷயமில்ல. ஃபுசா ஒசாகா நூல் ஆலைக்குப் போறதுக்கு முன்னாடி இங்க என்கூடத்தான் கொஞ்ச நாள் இருந்தா. அப்ப எவனாவது எடுத்திருப்பான். அவ அங்க சௌக்கியமா இருக்கா. போய் வர்ற ஆளுங்க சேதி சொல்றாங்க, அதை நானும் வருஷப் பிறப்புக்கு ஊருக்குப் போறப்ப அம்மாகிட்ட சொல்லிக்கிட்டுதான் இருக்கேன். கேக்க மாட்டேங்குது. சரி, அதோட ஆறுதலுக்குன்னு கூட்டிட்டு வந்தேன்."

இசாகியின் தோள் வழியாக ஒரு பெரிய தலை நீண்டது. உதவியாளன் தோரகிச்சி. முன்னாள் ரிக்ஷாக்காரன். பெயருக்குள் புலி இருந்தாலும் கால்தான் புலி, வாய் கிளி.

"என்னங்கம்மா இது, மடிப்பு மாறியிருக்கு? உயிரோட இருக்கறவங்க யாராவது வலது பக்கத்தை மேல போட்டு உடுத்துவாங்களா? அது பொணத்துக்குல்ல..."

இசாகி திரும்பி ஒரு பார்வை பார்த்தார். தோரகிச்சி அந்தப் பார்வையிலேயே வழுக்கி விழுந்து, எழுந்து, வேறு பக்கமாக ஓடினான்.

"அது... படம் பதிஞ்ச கண்ணாடித் தகட்டைத் திருப்பிப் போட்டு அச்சடிச்சிருப்பாங்க! எல்லாக் கடையிலயும் நடக்கறதுதான். வெள்ளைக்காரனுக்கு இடம் வலம் தெரியவா போகுது? அவனுங்க ஆல்பத்துல பாத்தா ஜப்பான்ல பாதிப் பேர் செத்துப்போயிருக்கான்."

"ஆமா, அதேதான்," என்றான் யாசுகே உடனே. "தகட்டைத் திருப்பிப் போட்டுட்டான்."

நாவோ திரும்பினாள். மகனை ஒரு முறை பார்த்தாள். பிறகு இசாகியிடம், "எடுத்தவன் யாருன்னு கண்டுபிடிச்சுக் கொடுங்க. அது போதும். அவன்கிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றாள்.

"என்ன கேக்கணும்?"

"அவன்கிட்ட கேட்டுக்கறேன்."

அவர்கள் படியிறங்கிப் போனதும் தோரகிச்சி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

"ஐயா, எடுத்தவன் யாருன்னு எனக்குத் தெரியும்."

"என்னது?"

"இந்தக் கொக்குத் திரை இருக்கே, இதுக்கு முன்னாடி நானே நின்னிருக்கேன். பென்தென் தெரு, கோச்சோ படக்கூடம். ரிக்ஷா இழுத்துக்கிட்டு ஓடற மாதிரி ஒரு படம் எடுத்தான். ஓடவெல்லாம் விடல. தூக்கின காலுக்கு அடியில ஒரு கட்டையைக் கொடுத்து 'அசையாதே'ன்னுட்டான். என் படம் பாரிஸ் வரைக்கும் போயிடுச்சு. நான்தான் இன்னும் பக்கத்துல இருக்கற கமகுராவைத் தாண்டல."

"இதை அவங்க இருக்கும்போதே சொல்றதுக்கென்ன?"

"உடனே சொல்லிட்டா நம்ம தொழில் இவ்வளவு சுலபமான்னு நெனச்சுட மாட்டாங்களா?"

இசாகி படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். நெடுநேரம் பார்த்தார்.

"தோரா, இந்தப் பூவைப் பாரு. முழங்கைகிட்ட துணி எப்படிக் கசங்கி மடிஞ்சிருக்கு. பூ மடிஞ்சிருக்கா?"

"இல்லையே. மடிப்புமேல நேரா உக்காந்திருக்கு. இஸ்திரி போட்ட பூ."

"நெய்த பூவா இருந்தா துணியோட சேர்ந்து மடங்கும். இது தூரிகையில வச்ச பூ. சிவப்பும் அப்படித்தான். அடியில இருக்கறது பூவே இல்லாத வெறும் வெள்ளைத் துணி."

தோரகிச்சியின் சிரிப்பு பாதியில் நின்றது. "மடிப்பும் மாறி, வெள்ளையும் உடுத்திக்கிட்டு யாருங்கய்யா பகல்ல தூங்குவா?"

"கெளம்பு," என்றார் இசாகி.

*

சான் ஃபிரான்சிஸ்கோ கப்பல் காலையில்தான் கரை சேர்ந்திருந்தது. பென்தென் தெருவில் கடைக்குக் கடை தண்ணீர் தெளித்து, குடையும் பொம்மையும் வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள்.

கோச்சோ படக்கூடத்தின் மாடியில் கண்ணாடிக் கூரைக்குக் கீழே வெயில் கொளுத்தியது. அங்கே ஒரு பெண் தடித்த உடுப்பும் வைக்கோல் செருப்புமாக, பஞ்சுப் பனியில் குடை பிடித்து நின்றுகொண்டிருந்தாள். வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது.

"நல்ல குளிர்மா," என்றான் தோரகிச்சி அவளிடம். "உள்ள போய்க் கணப்புல உக்காரு."

அவள் சிரித்துவிட்டாள். காமிராவுக்குப் பின்னாலிருந்து முதலாளி ஹிராக்கோ கறுப்புத் துணியை விலக்கிக்கொண்டு முறைத்தபடி வந்தார். மெழுகு தடவிய மீசை. அவள் பஞ்சை உதறிக்கொண்டு கீழே போனாள்.

இசாகி படத்தைக் காட்டினார். "இந்தப் பொண்ணு யாரு?"

"'பகல் தூக்கம்'! நம்ம கடையில நல்லாப் போற படம். பேரெல்லாம் யாருக்கு ஞாபகம்? வர்றாளுங்க, படுக்கறாளுங்க, போறாளுங்க."

"மடிப்பு மாறியிருக்கே."

"தகட்டைப் பையன் திருப்பிப் போட்டுட்டான். இதுவரைக்கும் ஒரு வெள்ளைக்காரன் கேட்டதில்ல."

தோரகிச்சி இதற்குள் சுவரோரம் இருந்த மடக்குத் திரைக்கு முன்னால் போய், ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, இல்லாத ரிக்ஷாவை இழுத்தான். "ஐயா, இதே திரைதான்! அன்னிக்கும் இந்தக் கொக்கு எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு அந்தப் பக்கம்தான் பாத்துக்கிட்டிருந்துச்சு. மரியாதை தெரியாத கொக்கு!"

இசாகி திரையைப் பார்த்தார். கையிலிருந்த படத்தைப் பார்த்தார். நடந்துபோய்ப் படத்தைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"ஹிராக்கோ, உங்க கொக்கு எந்தப் பக்கம் பாக்குது?"

"இடது பக்கம்."

"படத்துல?"

ஹிராக்கோ படத்தைப் பார்த்தார். அதிலும் இடது பக்கம்தான்.

"தகட்டைத் திருப்பிப் போட்டிருந்தா கொக்கும் திரும்பியிருக்கணும். கொக்கு திரும்பல. அப்ப மடிப்பும் திரும்பல." இசாகியின் குரல் மிகவும் தணிந்திருந்தது. "தூங்கற பொண்ணை நீங்க படம் எடுக்கல."

தூக்கிய காலைத் தோரகிச்சி மெதுவாகக் கீழே வைத்தான்.

"நான் என்ன கொலையா பண்ணிட்டேன்?" ஹிராக்கோவின் குரல் கீச்சிட்டது. "ஒருத்தன் ஓடி வந்தான். எரிக்கறதுக்கு முன்னாடி ஒரு படம் எடுக்கணும், வீட்டுக்கு வாங்கன்னான். மலைமேட்டுல துரைமார் வீடு. சுவர் பூரா வெள்ளைக்காரன் சித்திரம். அது தெரியக்கூடாதுன்னுதான் திரையையும் சுமந்துக்கிட்டுப் போனேன். அவனுக்கு ஒரு பிரதி கொடுத்தேன். தகடு என்கிட்ட இருந்துச்சு. வெள்ளைத் துணி, சாயம் நல்லாப் பிடிக்கும். கன்னத்துல கொஞ்சம் சிவப்பு வச்சுப் பாத்தேன். பொழைச்சு எழுந்த மாதிரி இருந்தா. யாருக்கு என்ன நஷ்டம்?"

"ஓடி வந்தவன் யாரு?"

"பேரு சொல்லல. ஆனா அவன்தான் நம்ம நல்ல வாடிக்கை!" ஹிராக்கோவால் அந்த நிலையிலும் பல் இளிக்காமல் இருக்க முடியவில்லை. "கப்பல் வர்ற அன்னிக்கு வெள்ளைக்காரங்க வர்றதுக்கு முன்னாடி வந்து, கடையில இருக்கற 'பகல் தூக்கம்' அத்தனையையும் வாங்கிட்டுப் போயிடுவான். முதல்ல கெஞ்சினான், விக்காதேன்னான். நான் முடியாதுன்னேன். அப்புறம் வாங்க ஆரம்பிச்சான். இவ்வளவு கேக்கறாங்களேன்னு நானும் கூடுதலாப் போட்டுக்கிட்டே இருக்கேன்."

அவர்கள் கீழே இறங்கி, சாயம் பூசும் அறையின் திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். அன்றும் கப்பல் வந்த நாள்தான்.

அதிக நேரம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. தெருப் பக்கத்திலிருந்து ஓர் ஆள் அவசரமாக உள்ளே நுழைந்து, மூச்சிரைக்க, "எல்லாத்தையும் எடுங்க. இன்னிக்கு உள்ள வச்சிருக்கறதையும் சேர்த்து," என்றான்.

நல்ல துணி, நல்ல செருப்பு, சவரம் செய்த மோவாய்.

இசாகி திரைச்சீலையை விலக்கினார்.

"உக்காருங்க யாசுகே. ஒசாகாவுலேர்ந்து என்ன சேதி?"

*

யாசுகே உட்காரவில்லை, சரிந்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

கம்பெனியில் பட்டு வாங்கும் ஒரு துரைக்கு வீட்டோடு இருக்க ஒரு பெண் தேவைப்பட்டாள். துரையின் மனம் குளிர்ந்தால் யாசுகேவுக்குத் தரம் பார்க்கும் பதவி. ஃபுசா அண்ணன் பேச்சைத் தட்டாதவள். சில மாதம்தான், பிறகு நல்ல இடத்தில் கட்டிக்கொடுக்கிறேன் என்று சொல்லி மலைமேட்டுக்கு அழைத்துப்போய் விட்டுவிட்டு வந்தான்.

"துரை ஒரு நாள் கப்பல் ஏறிட்டான். சொல்லிக்கக்கூட இல்ல. அவ முழுகாம இருந்தா. என்னைப் பாக்க ரூமுக்கு வந்தா. ஊருக்குக் கூட்டிட்டுப் போ அண்ணேன்னா. இந்தக் கோலத்துல எப்படி, அக்கம்பக்கம் என்ன சொல்லும், கொஞ்சம் பொறுன்னேன். அவ திரும்பி அந்த வீட்டுக்கே போயிட்டா. எலி மருந்து இருந்திருக்கு."

"போட்டோ எதுக்கு எடுத்தீங்க?"

"அம்மாவுக்குத்தான். காய்ச்சல்ல போயிட்டான்னு சொல்லிக் கொடுக்கலாம்னு. ஊருக்குப் போனேன். வாசல்ல ஏறும்போதே அம்மா 'ஃபுசா எப்படிடா இருக்கா?'ன்னு கேட்டுச்சு. நல்லா இருக்கான்னு சொல்லிட்டேன். ஒரு தடவை சொல்லிட்டா அப்புறம்..."

"அப்புறம் வருஷா வருஷம் அவளை வளக்க வேண்டியதுதான்," என்றான் தோரகிச்சி. வேடிக்கையாகத் தொடங்கிய வாக்கியம் அவன் வாயிலேயே கசந்தது. அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

இசாகி ஹிராக்கோவின் பக்கம் திரும்பினார். "தகடு."

"எடுத்துக்குங்க," என்றார் ஹிராக்கோ. காகிதத்தில் சுற்றி, நூல்கூடக் கட்டிக் கொடுத்தார். ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை. நல்லாப் போகிற படத்தை இவ்வளவு சுலபமாக ஒருவன் விட்டுக்கொடுப்பானா என்று இசாகிக்கு உறுத்தியது.

வாசலில் தோரகிச்சி நின்ற இடத்தைப் பார்த்ததும் பதில் கிடைத்தது. இரண்டு கடை தள்ளி, இன்னொரு படக்கடையின் கண்ணாடிக்குப் பின்னால் ஃபுசா தூங்கிக்கொண்டிருந்தாள். அங்கே உடுப்பு நீலம். அதற்கும் எதிர்க்கடையில் பச்சை. ஒருவன் விற்கும் படத்தை இன்னொருவன் வாங்கி, அதையே படம்பிடித்துத் தன் சரக்காக விற்பது அந்தத் தெருவின் தர்மம்.

"ஐயா, இந்தத் தகட்டை உடைச்சாலும்..."

"தெரியுது," என்றார் இசாகி.

*

யாசுகேவின் வாடகை அறை இஷிகாவா வாய்க்கால் ஓரம், ஒரு கருவாட்டுக் கடையின் மாடியில் இருந்தது. நாவோ ஜன்னலருகே உட்கார்ந்து மகனின் காலுறையைத் தைத்துக்கொண்டிருந்தாள். மூவரும் உள்ளே வருவதைப் பார்த்து ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

இசாகி முழந்தாளிட்டு அமர்ந்தார். போலீசில் இருந்த காலத்தில் இந்த மாதிரிச் செய்தியைப் பல வீடுகளில் சொல்லியிருக்கிறார். ஒரு முறையும் பழகவில்லை.

"அம்மா, மனசைத் தேத்திக்கணும். உங்க பொண்ணு..."

"செத்துப்போயிட்டா. அதுதானே?" என்றாள் நாவோ. "அது எனக்கு அந்தத் துரைசானி பக்கத்தைத் திருப்பினப்பவே தெரியும்."

யாசுகே நிமிர்ந்தான்.

"காலையில தகட்டைத் திருப்பிப் போட்டதா..." என்று இசாகி தயங்கினார்.

"உங்க ஆளு எனக்காகச் சொன்னாரு. நல்ல மனுசன். ஆனா ஃபுசாவுக்கு நடை பழகற வயசுல நாய் கடிச்சு இடது காது மடல் கிழிஞ்சிருக்கும். படத்துலயும் இடது காதுதான். திருப்பிப் போட்டா அது மாறியிருக்கும்ல? எனக்குப் படிப்பு கிடையாது, ஆனா எம்பொண்ணு காது எனக்குத் தெரியும்." அவள் மகன் பக்கம் திரும்பினாள். "அந்த நாயை அடிச்சு விரட்டினவன் இவன். அந்தக் காது இவனுக்கும் தெரியும். அவர் சொன்னதும் 'ஆமா, அதேதான்'னு சொன்னான் பாருங்க. அதுவரைக்கும் இவனுக்கும் விஷயம் தெரியாம, எவனோ சொன்ன பொய்யை நம்பிக்கிட்டிருப்பானோன்னு எனக்கு ஒரு ஆசை இருந்துச்சு."

அறையில் கருவாட்டு நெடியும், கீழே வாய்க்காலில் துடுப்புச் சத்தமும்.

"அப்ப என்னத்துக்கும்மா என்கிட்ட வந்தீங்க?"

"அவ செத்தப்ப பக்கத்துல யார் இருந்தாங்கன்னு படக்காரனைக் கேக்கத்தான்." நாவோ மகனைப் பார்த்தாள். "நீயா உடுத்திவிட்ட?"

"ஆமாம்மா."

"தலை வாரினது?"

"நான்தான்."

"வகிடு கோணலா இருந்துச்சு. ஒரு பொம்பளையைக் கூப்பிடக்கூடாதாடா?"

யாசுகே தரையில் நெற்றி பட விழுந்து அழுதான். எல்லாவற்றையும் சொன்னான். துரையை, பதவியை, எலி மருந்தை. அவள் கடைசிவரை கேட்டாள். முடித்த பிறகு, "சாம்பல் எங்க?" என்றாள்.

அதற்குத்தான் அவன் அதிக நேரம் எடுத்துக்கொண்டான். கம்பெனிப் பெயர் வெளியே வந்துவிடுமோ என்ற பயத்தில், சாம்பலைக் கோயிலில் ஒப்படைக்கும்போது பொய்ப் பெயர் கொடுத்திருந்தான். பயத்தில் திரும்பிப் போய்ப் பார்க்கவும் இல்லை. கேட்பாரில்லை என்று அவளை அநாதைச் சாம்பல் போடும் குழியில் சேர்த்துவிட்டார்கள்.

நாவோ ஊசியை எடுத்தாள். காலுறையில் பாக்கியிருந்த தையலை முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, காலுறையை மடித்து அவன் முன்னால் வைத்தாள்.

"இனிமே நீ எனக்கு எந்தச் சேதியும் கொண்டுட்டு வராதே," என்றாள். "வருஷப் பிறப்புக்கும் வராதே. நான் செத்தாலும் வேற யாராவது உடுத்தட்டும்."

*

கோயில் அங்கிருந்து அதிக தூரமில்லை. மலையடிவாரத்தில், மூங்கில் வேலிக்குப் பின்னால், பெயர் வெட்டாத ஒரு கல். அவ்வளவுதான் அந்தக் குழிக்கு அடையாளம்.

நாவோ இரண்டு அரிசி உருண்டைகளை வைத்தாள். ஊதுபத்தி கொளுத்தினாள். அப்புறம் இசாகியிடம் கையை நீட்டினாள். அவர் தகட்டைக் கொடுத்தார்.

காகிதத்தைப் பிரித்து, கண்ணாடியை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பார்த்தாள். தகட்டில் வெள்ளையெல்லாம் கறுப்பாகவும் கறுப்பெல்லாம் வெள்ளையாகவும் தெரிந்தது. நரைத்த தலையும் இருண்ட முகமுமாக ஒரு கிழவி படுத்திருப்பதுபோல இருந்தது.

"வயசாகியிருந்தா இப்படி இருந்திருப்பா," என்றாள்.

பிறகு கல்லில் ஓங்கி அடித்தாள். ஒரே அடியில் தூள். சில்லுகளைக் கையாலேயே பொறுக்கி மண்ணில் புதைத்தாள். தோரகிச்சி தடுக்கப் போனான். இசாகி அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டார்.

"அப்பாடா," என்றாள் நாவோ, விரலில் வந்த ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டே. அன்று முதல் தடவையாக அவள் முகம் கொஞ்சம் தளர்ந்தது. "இனிமே கண்டவனும் அவளைப் பாக்க மாட்டான்ல? வித்துப் போனது போகட்டும். இனிமே புதுசா அடிக்க முடியாதுல்ல?"

தோரகிச்சி இசாகியைப் பார்த்தான். இசாகி மூங்கில் வேலியைப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் எந்த வழக்கிலும் தெரிந்த உண்மையை மறைத்தது கிடையாது. அதற்காகத்தான் போலீஸ் வேலையே போனது.

"முடியாதும்மா," என்றார்.

ஸ்டேஷனுக்குக் கிளம்பினார்கள். எங்கிருந்தோ ஒரு ரிக்ஷாவை இரவல் வாங்கிக்கொண்டு வந்த தோரகிச்சி, அவளை ஏற்றி உட்காரவைத்து, பழைய ஞாபகத்தில் ஏர்க்காலைத் தூக்கினான். பென்தென் தெரு திருப்பத்தில் அவன் திரும்பவில்லை. வாய்க்கால் ஓரமாகவே, மீன் கூடைகளுக்கும் உப்பு மூட்டைகளுக்கும் நடுவே, குலுக்கிக் குலுக்கி இழுத்துக்கொண்டு போனான்.

"என்ன தம்பி, இப்படிச் சுத்திக்கிட்டுப் போறீங்க?" என்றாள் நாவோ. "வரும்போது நேர் ரோடாத்தானே வந்தேன்?"

"அந்தத் தெருவுல கூட்டம்மா," என்றான் தோரகிச்சி, திரும்பிப் பார்க்காமல். "கப்பல் வந்திருக்கு."